கள்ள இணைப்பு

இருபத்தாறு வருஷம் நீர்வழங்கல் சபையில்
கள்ள இணைப்புப் பிடித்தவன் நான்.
கந்தளாயிலிருந்து வரும் பெருங்குழாயில்
எவன் எங்கே துளைத்தான் என்பது
மண்ணின் ஈரத்திலேயே தெரிந்துவிடும்.
அவசரத்தில் போட்ட குழாய் நேராய் ஓடாது.
வளைந்து, முட்டி, தன்மேலேயே ஏறி,
பசை காயுமுன் திறந்துவிட்ட மூட்டுகளில்
கசிந்துகொண்டே கிடக்கும்.

"உங்கட ஈரலிலயும் அப்பிடித்தான்"
என்றா டொக்டர் ஃபர்சானா.
மருந்துச் சிட்டையின் பின்பக்கத்தில்
நீலப் பேனையால் ஒரு கட்டி.
சுற்றிலும் கோணல் கோணலாய்க் குருதிக்குழாய்கள்.
கட்டி பசியில் கத்துமாம்,
கேட்ட குழாய்கள் கிளைவிட்டுப் போய்ச் சேருமாம்.
அனுமதிக் கடிதமில்லை, மீற்றர் இல்லை.
எத்தனை மாதமாய் என்னில் தண்ணி பிடித்ததோ
எனக்கொரு பில்லும் வரவில்லை.

பிறபொருளெதிரி.
பத்தாம் வகுப்பில் எழுத்துப்பிழையோடு எழுதிய சொல்
இப்போது ஒரு சின்னப் பையில் தொங்குகிறது.
புதுக்குழாயின் உட்சுவரில் உள்ள குறியைத்
தடவித் தடவி அறியுமாம்.
அறிந்த இடத்தில்தான்
முதுகில் சுமந்த நஞ்சை இறக்குமாம்.
வீட்டுக்காரனோடு சண்டைக்குப் போகாதே,
குழாயைப் பிடி, வீடு தானாய் வறளும்.
எங்கட பொடியளுக்கு
எத்தனை தரம் சொல்லியிருப்பேன் இதை.

"ஆராய்ச்சி மருந்து. உறுதி சொல்ல ஏலாது."
கையெழுத்துப் போட்டேன்.
வெளியே ஊர்சுற்றும் புள்ளிமான் ஒன்று
சோற்றுப்பார்சல் தாளை மென்றுகொண்டு நின்றது.

"குறி தவறாதோ?"
கொஞ்சம் யோசித்தா.
"ஆறுகிற புண்ணிலயும் புதுக்குழாய் முளைக்கும்.
அதிலயும் அந்தக் குறி இருக்கும்.
உங்களுக்குப் புண் ஏதும்?"
ஒன்றுமில்லை என்றேன்.
காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

பாலையூற்றில் ஒரு வீடு.
முகாமிலிருந்து திரும்பி வந்த சனம்.
கள்ளக் குழாயின் முனையில் ஒரு வாளி,
வாளிக்குள் ஒரு பிள்ளை,
தலையில் சவர்க்கார நுரை.
தோண்டிய மண்ணை நானே மிதித்து மூடி
அறிக்கையில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.
பத்மலோஜினிக்குக்கூடச் சொன்னதில்லை.

முதல் துளி இறங்குகிறது.
போ.
ஈரம் பார்த்துப் போ.
மூட்டு மூட்டாய்த் தடவு, தயவு பார்க்காதே.
இடது பெருவிரலில்
உப்புவெளிச் சிப்பி வெட்டின காயம் ஒன்று,
நேற்றுத்தான் தோல் மூடத் தொடங்கியது.
அந்த வீட்டில் மட்டும்
ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு வா.