குமிழி

ஏசியை நிறுத்தியாயிற்று.
ஆசாரிப்பள்ளத்தில் ஆனிச் சாரல் தகரத்தில் விழுவது
இந்தத் தலைமூடிக்குள் கேட்பதில்லை.
கேட்பது என் மூச்சு மட்டும்,
பக்கத்தில் யாரோ உறங்குவதுபோல.
மார்பில் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டோம்:
தாணு. ஜெபசெல்வி. கொச்சுமணி.
என் பெயரை ஜெபசெல்வி எழுதினாள், ஒரு பிழையோடு.
ஏழு பேர் செய்கிற வேலைக்கு நாலு பேர்.

மேசைமேல் ததேயுஸ், கடியப்பட்டணம்,
வயது நாற்பத்தொன்று, சிப்பி குளிப்பவர்.
வலது நெஞ்சில் சீழ் கட்டி
நுரையீரல்மேல் தோடாக இறுகி ஏழு வாரம்.
காய்ச்சல் என்றால் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று
வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
மூக்கில் குச்சிவிட்டு இரண்டு முறை பார்த்தாயிற்று. இல்லை.
இல்லை என்கிற காகிதத்தை
இந்த மாதங்களில் நாங்கள் நம்புவதில்லை.

நேற்று கேட்டார்:
"எவ்வளவு நேரம் மூச்சப் பிடிக்கணும், டாக்டரம்மா?"
நீங்கள் பிடிக்க வேண்டாம், அது என் வேலை என்றேன்.
சிரிக்கப் பார்த்து இருமினார்.
நான் ஓரடி பின்னால் போனேன்.
அவர் அதைப் பார்த்தார்.

முதலில் இயந்திரத்தை நிறுத்து, பிறகு கவ்வு,
அப்புறம்தான் குழாயைக் கழற்று.
வரிசை மாறினால்
நெஞ்சுக்குள்ளிருப்பது அறைக்குள் வரும்.
நிறுத்தினேன். கவ்வினேன்.
பத்து. இருபது.
திரையில் தொண்ணூற்றெட்டு.
முப்பது. தொண்ணூற்றேழு.
இப்போது எந்தப் பாறையடியில் இருக்கிறீர்கள், ததேயுஸ்?
நாலு பேரும் மூச்சைப் பிடித்திருக்கிறோம்,
யாரும் சொல்லாமல், தேவையுமில்லாமல்.
கண்ணாடிக்குள் வியர்வை ஒரு கோடாக இறங்குகிறது.
துடைக்க முடியாது.
மாட்டியாயிற்று. மறுபடி காற்று.

தாணு சார் தோட்டை உரிக்கிறார்.
மின்கத்தி தொடுமிடத்தில் புகை எழும் முன்பே
ஜெபசெல்வியின் உறிஞ்சுகுழல் அங்கே காத்திருக்கிறது.
பாறைச் சிப்பியை உளியால் நெம்புவதுபோல
என்று எழுத ஆசைதான்.
ஆனால் சிப்பியை அடிக்கலாம். இதை அடிக்க முடியாது;
ஈரப் பஞ்சால் தள்ளித் தள்ளி
ஒரு நேரத்துக்கு ஒரு நகக்கண் அளவு.
"கொஞ்சம் ஊதுங்க."
ஊதினேன்.
"கொஞ்சமுன்னாக்கும் சொன்னேன்."
சாம்பல் ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு.

நாலரை மணி நேரம்.

கழற்றும்போதுதான் பிடிக்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.
எதிரே நின்று கொச்சுமணி ஒவ்வொன்றாகச் சொன்னான்:
கையுறை. கை கழுவுங்க. முதுகு முடிச்சு. கை கழுவுங்க.
"முகத்தத் தொடாதிய!"
பன்னிரண்டு வருஷமாக என்னை நிமிர்ந்து பார்க்காதவன்
அதட்டினான்.
கேட்டேன்.

கட்டிலடியில் பாட்டில்.
பிளீச்சிங் கலந்த தண்ணீருக்குள் குழாயின் நுனி,
வெளிவாயில் வடிகட்டி.
அவர் இருமும்போதெல்லாம் தண்ணீருக்குள் குமிழிகள்.
தலையைச் சாய்த்து அதையே பார்த்துக் கிடந்தார்,
மேலே இருப்பவனின் வேலையைத்
தனக்குத்தானே செய்வதுபோல.

ஐந்தாம் நாள் படத்தில் நுரையீரல் முழுதாக விரிந்திருந்தது.
வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை.
மனைவி பிரகாசியை போனில் அழைத்து
"குமிழி நின்னுட்டு" என்றேன்.

மறுமுனையில் சத்தமில்லை.
அலை மட்டும்.

வள்ளத்தில் இருப்பவர்கள்
தண்ணீரில் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது
எனக்கு அப்புறம்தான் உறைத்தது.
"நல்லதுக்காக்கும்! நல்லதுக்காக்கும்!" என்று
முகமூடிக்குள்ளிருந்து கத்தினேன்;
வராந்தாவில் இரண்டுபேர் திரும்பினார்கள்.

"ஒரு நிமிசம் செத்துட்டேன், கேட்டியளா" என்றாள்.
பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு,
"சோறு தின்னாரா?"