நான்கு நிமிடம்

லைமா நகரம், ஒஹாயோ. பிப்ரவரி பதினைந்து.
கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் படிப்புக்கு நாற்பது இடம்.
என் மேசையில் முந்நூற்றுப் பதினொரு உறைகள்.

தேர்ந்தெடுப்பவள் இல்லை நான்.
கூட்டுகிறவள்.
அனாட்டமியில் ஏ வாங்கியிருந்தால் நான்கு.
பி என்றால் மூன்று.
மைக்ரோபயாலஜியை இரண்டாம் முறை எழுதியிருந்தால்
அரைப் புள்ளி கழியும்.
முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, ஒன்றரை.
இதே மாவட்டத்தில் வீடு, கால்.
அழுததற்குப் புள்ளி இல்லை.
படிவத்தில் அதற்கொரு கட்டமும் இல்லை.

முதல் உறை நவம்பரிலேயே வந்துவிட்டது.
கேலன் யோடர், இருபத்தாறு வயது,
கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.
நீல உறை. ஓரம் மடங்காத சான்றிதழ்கள்.
"எதுவும் விட்டுப்போச்சா, ஒருதரம் பாருங்க" என்று
தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.
எதுவும் விட்டுப்போகவில்லை.

கடைசி உறை வந்தபோது
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
டெலோரா ஹஃப்மன்.
வேலைச் சீருடைக்கு மேல்
யாருடையதோ பெரிய கோட்டு.
பூட்ஸிலிருந்து உப்பு கலந்த பனிச்சேறு
தரைவிரிப்பில் இறங்கியது.
அவள் பின்னால் ஒரு பையன்
வேர்க்கடலைப் பொட்டலத்தைப்
பல்லால் பிரித்துக்கொண்டிருந்தான்.
"மாத்தி விட வர்றவ வரல" என்றாள்.
"சாகப்போற ஆளை அப்படியே விட்டுட்டு வர முடியுமா?"
கேள்வியாகத்தான் கேட்டாள்,
நான் பதில் வைத்திருப்பேன் என்பதுபோல.

என் கைக்கடிகாரத்தில்
ஐந்து தாண்டி இரண்டு நிமிடம்.
சுவர்க்கடிகாரத்தில்
ஐந்துக்கு இரண்டு நிமிடம் பாக்கி.
அது பின்தங்குவது இந்தத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்.
மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோக
யாரும் அதை நம்புவதில்லை.

விதியில் "மாலை ஐந்து மணி" என்று இருக்கிறது.
யாருடைய ஐந்து என்று இல்லை.
சுவரைப் பார்த்தேன்.
நாலு ஐம்பத்தெட்டு என்று எழுதி
முத்திரை குத்தினேன்.

மார்ச்சில் கூட்டி முடித்தேன்.
மூன்று முறை கூட்டினேன்,
மூன்றாவது முறையாவது வேறு விடை வரட்டும் என்று.
நாற்பதாவது டெலோரா ஹஃப்மன்.
நாற்பத்தொன்றாவது கேலன் யோடர்.
நடுவில் கால் புள்ளி.
அவன் வீடு மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம்,
ஒரு சோளக்காடு தள்ளி.

தராசு முள்ளுக்கு முகம் தெரியாது.
எனக்கு இரண்டு முகமும் தெரியும்.

பத்தொன்பது வருடம் முன்பு
எனக்கும் இங்கிருந்து கடிதம் வந்தது.
பிரிக்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது,
அவ்வளவு மெல்லிசு.
அதே வாரம் இந்த மேசைக்கு ஆள் தேவை என்றார்கள்.
வேறென்ன செய்வது, வந்து உட்கார்ந்தேன்.

டெலோராவை நான்தான் கூப்பிட்டேன்.
"இருங்க" என்றவள்
போனை வைக்காமலே எங்கோ ஓடிவிட்டாள்.
யாரோ மணியடித்திருக்க வேண்டும்.
ஒரு கிழவரின் இருமல்,
தம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தம்,
அப்புறம் அவள் குரல், யாருக்கோ,
"மெதுவா, மெதுவா, நான் இருக்கேன்."
ஏழு நிமிடம் காத்திருந்தேன்.
திரும்பி வந்து, "சொல்லுங்க, யாரு?" என்றாள்.

கேலனைக் கூப்பிட வேண்டிய அவசியமில்லை,
அவனுக்குக் கடிதம் போதும்.
ஆனாலும் கூப்பிட்டேன்.
"மாற்றுப் பட்டியல்ல முதல் ஆள்" என்றேன்.
பின்னால் வண்டி ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப்.
"யாராவது விலகினா?"
"உடனே கூப்பிடுறேன்."
"வேலை நேரத்துலயும் எடுப்பேன்" என்றான்.
"எத்தனை மணின்னாலும்."

ஜூலை முடியப்போகிறது.
நாற்பது பேரும் சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டார்கள்.
ஒருவரும் விலகவில்லை.

சுவர்க்கடிகாரம்
இன்னும் நான்கு நிமிடம் பின்னால்தான் ஓடுகிறது.
பழுதுபார்க்க எழுதிக்கொடுக்கும் படிவம்
என் இழுப்பறையில் இருக்கிறது,
தேதி மட்டும் போட்டு.