ஒன்றரை மீட்டர்

ஷார்ஜா, அல் நஹ்தா.
தரையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் உயரத்தில்
கிரேன் கூண்டு.
ஒரு நாற்காலி, இரண்டு நெம்புகோல்,
அவசரத்துக்கு ஒரு காலி லபான் பாட்டில்.

ஹாய்ஸ்ட் பழுதான நாட்களில் ஏணியில்தான் ஏறுவேன்.
எழுபது கிலோ, நூற்றைம்பது மீட்டர்.
ஒரு மாரி பிஸ்கட் போதும் என்கிறது இயற்பியல்.
முட்டிக்கு இயற்பியல் தெரியாது.

கான்கிரீட் வாளி இரண்டு டன்.
மூன்று நிமிடத்தில் தூக்கினாலும்
முப்பது நிமிடத்தில் தூக்கினாலும்
வேலை ஒன்றுதான்.
திறன்தான் வேறு.
வேலையைக் காலத்தால் வகுத்தால் திறன் என்று
குல்சார் கானுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
ஆனாலும் வாக்கிடாக்கியில் அவர் நாளெல்லாம் கத்துவது
அந்த வகுத்தலைத்தான்:
ஜல்தி, ஜல்தி.

ஜூன் முதல் வாரம் காற்று எழுந்தது.
மானியில் சிவப்பு விளக்கு.
மேல்தளத்து ஆட்களை இறங்கச் சொல்லிவிட்டார்கள்.
வாளி அந்தரத்தில்.
ஏற்றவும் கூடாது, இறக்கவும் கூடாது.
பிரேக்கில் கை, கம்பிவடத்தில் கண்,
நாற்பது நிமிடம்.
கான்கிரீட் இறுகும் சத்தம் கேட்காது என்பார்கள்.
எனக்குக் கேட்டது.

நகராத பொருளின்மேல் செய்த வேலை பூஜ்யம்.
டைம்கீப்பர் பினோய் தாளில் எழுதினான்:
ஐடில், நாற்பது நிமிடம்.
பாடப்புத்தகமும் கம்பெனியும்
ஒத்துப்போய் நான் பார்த்தது
அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் ஸ்பேனர்.
எழுநூறு கிராம்.
இடுப்போடு கட்டும் கயிறு நைந்திருந்தது.
புதுக்கயிறு வேண்டுமென்றால் ஸ்டோருக்கு
இறங்கி ஏற வேண்டும்.
இறங்கவில்லை.
போல்ட்டை முறுக்கும்போது
வியர்வை வழுக்கிப் போய்விட்டது.

விழும் பொருளுக்கு முதலில் அவசரமே இல்லை.
முதல் நொடியில் ஐந்து மீட்டர்,
எட்டிப் பிடித்துவிடலாம் போல.
அடுத்த நொடியில் பதினைந்து.
அதற்கடுத்து இருபத்தைந்து.
பிறகு நான் மீட்டரை எண்ணவில்லை.
கீழே இன்றைக்கு யார் யார் என்று
பெயர்களை எண்ணினேன்.

டேக் பகதூர் நின்ற இடம் அது.
ஸ்பேனர் வந்துகொண்டிருந்த ஐந்தரை நொடிக்குள்
ஐஸ் தண்ணீர் பிடிக்க
மூன்று எட்டு நகர்ந்திருந்தான்.
சமதளத்தில் நடக்கிறவன்
புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலையும்
பூஜ்யம்தான்.

ஒட்டுப்பலகையைத் துளைத்து
மணலில் பிடிவரை புதைந்திருந்தது.
தோண்டியவன் சொன்னான், கை வைக்க முடியாத சூடாம்.
வெயிலாக இருக்கும் என்றேன்.
அறிக்கையில்: பொருள் விழுந்தது. ஆள்சேதமில்லை. பலகை ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினார்கள்.
நான் திருத்தவில்லை.

இரவு சஜா கேம்ப், அறை பதினாறு.
சிகரெட் அட்டையின் உட்புறத்தில் கணக்குப் போட்டேன்.
புள்ளி ஏழு, பத்து, நூற்றைம்பது.
பெருக்கினால் ஆயிரத்து ஐம்பது ஜூல்.
அந்த எண்ணை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியவில்லை.
என் எடையால் வகுத்துப் பார்த்தேன்:
ஒன்றரை மீட்டர்.
என் மேல்கட்டிலின் உயரம்.

ஒரு மண்டையைப் பிளக்கப் போதுமானதைச் செலவழித்துத்தான்
தினமும் தூங்க ஏறியிருக்கிறேன்.
செலவு என்பதும் சரியில்லை.
அது எங்கும் போவதில்லை.
போர்வைக்குள் என்னோடு படுத்திருக்கிறது
விடியும்வரை.

கீழ்க்கட்டிலில் டேக் பகதூர்,
வாய் திறந்து, ஒரு கை வெளியே தொங்க.
யார் கை நழுவியது என்று
அவன் கேட்கவே இல்லை.
காற்றை நம்பிவிட்டான்.

நாலு மணிக்கு அலாரம்.
முன்பெல்லாம் குதித்துவிடுவேன்.
இப்போது காலால் துழாவி,
ஒவ்வொரு கம்பியாக,
ஆயிரத்து ஐம்பதையும்
சில்லறையாகக் கொடுத்து இறங்குகிறேன்.

ஆனாலும் கட்டில் கிறீச்சிடுகிறது.
கித்னா பஜா, பாய்? என்கிறான்
கண் திறக்காமல்.

மூணுதான், தூங்கு.