ணு

ஐப்பசி மழை, மூன்றாம் நாள்.
ஐந்து ரோட்டில் முழங்கால் தண்ணீர்.
டெலிபிரிண்டர் மட்டும் நனையாமல்
வாய் மூடாமல் பேசுகிறது.

வடக்கே எங்கோ ஒரு பனித்தீவில்
இரண்டு பேர் ஒரே மேசைக்கு வந்திருக்கிறார்கள்.
பூமியை எத்தனை தடவை கொளுத்த முடியும் என்று
ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பவர்கள்.
பாதியாகக் குறைக்கலாமா என்பது பேச்சு.
மீதிப் பாதியில் சேலத்துக்கு
ஒரு சிட்டிகை போதும்.
தந்தியில் அது இல்லை, நானாக நினைத்துக்கொண்டது.

மதியம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள்.
டீ கிளாஸ் மேசையில் ஒரு விரற்கடை நகரும்.
யாரும் நிமிர்வதில்லை.

பத்தரைக்கு அச்சுக்கோப்பு அறையிலிருந்து
மொய்தீன் பாவா வந்து நின்றார்.
"தலைப்பு எழுத்துல ணு இல்ல சார்."

இருந்தது நான்கு.
இரண்டு தலையங்கத்தில் மாட்டிக்கொண்டன,
ஒன்று மூன்றாம் பக்கத்தில்,
ஒன்று கீழே விழுந்து சுழி உடைந்தது.
க வேண்டுமா, கைப்பிடியாய் அள்ளலாம்.
கொலைக்கும் கொள்ளைக்கும் கொலுசு விலைக்கும்
கொம்பு குறைந்ததே இல்லை.
ணு ஒதுங்கி வாழ்ந்த எழுத்து.
இப்படி ஒரு வாரம் வருமென்று
அதை வார்த்தவன் நினைத்திருக்க மாட்டான்.

எதிர்வரிசைப் பத்திரிகையோடு எங்களுக்குப் பேச்சில்லை.
ஒரு டெண்டர் விளம்பரத்தில் தொடங்கியது,
நான்கு வருஷம்.
முதலாளிகள் ஒரே கல்யாணத்துக்குப் போனாலும்
வேறு வேறு பந்தி.
டீக்கடைத் தகரத்தடியில் அவர்கள் ஃபோர்மேன்
அய்யந்துரை குடையோடு நின்றான்.
பாவாவைப் பார்த்ததும் கேட்டான்:
"ணு இருக்கா பாய்?"

இருவரும் ஒரே குடையில் செவ்வாய்ப்பேட்டை போனார்கள்.
யாராவது கேட்டால்
அப்படி ஒரு குடையே கிடையாது.

தனலட்சுமி அச்சகத்தில் ஒரு கல்யாண வாழ்த்துமடல்
முடுக்கிய சட்டத்தில் காத்திருந்தது.
மணமகன் வேணுகோபாலன். பெயர் இரண்டு இடத்தில்.
விடியும்வரை கடன், ஆளுக்கு ஒன்று.
அய்யந்துரை தன்னுடையதை விளக்கில் காட்டிப் பார்த்தான்.
பிறகு பாவாவுடையதையும் வாங்கிப் பார்த்தான்.

என் மேசையில் ஒற்றை ணு.
அணு என்று போட்டால்
அணுகு என்று போட முடியாது.
இரண்டுக்கும் நடுவே ஒரு கு-தான்,
அது என்னிடம் ஏராளமாக இருந்தது.
பன்னிரண்டு பத்துக்குக் கோத்தோம்:
உடன்பாட்டை அணுகினர்.

ஒன்றே காலுக்கு மணியடித்தது டெலிபிரிண்டர்.
எழுந்து போய்விட்டார்கள்.
ஒரு சொல்லில் தகராறு என்றது கடைசி வரி.
எந்தச் சொல் என்று சொல்லவில்லை.

பேச்சு முறிந்தது.
அதற்கு ணு வேண்டியதில்லை.

எதிரில் இயந்திரம் முன்பே ஓடத் தொடங்கியிருந்தது.

ஏற்காட்டு முதல் பஸ்ஸின் கூரையில்
இரண்டு கட்டும் ஒரே கயிற்றில்,
இருபது கொண்டை ஊசி வளைவும் ஒன்றையொன்று இடித்தபடி.
ஒன்றில் கைகுலுக்கல்,
ஒன்றில் காலி நாற்காலி.
காபித் தோட்டத்தில் எதை முதலில் பிரிக்கிறார்களோ.

பாவா எங்கள் ணு-வை மண்ணெண்ணெயில் கழுவி
கைலி முனையில் துடைத்து
நாலரைக்கே சேர்த்துவிட்டார்.
சட்டத்தில் ஒரு வேணுகோபாலன் முழுசு.
இன்னொருவன் வே, ஒரு சந்து, கோபாலன்.
அச்சகக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.
முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை.

"அவன் வருவானா பாய்?"
"வருவான்."
"எழுதி வாங்கினீங்களா?"

மழை விடவில்லை.
குடையும் அவனிடம்தான் இருந்தது.