இடக்கால்

பில்பாவோ மழைக்கு அவசரமே கிடையாது.
காற்றில் நின்றபடியே நனைக்கும்.
ட்ராம் தண்டவாளம் மீன்முதுகாய் மினுக்கும்.
வீட்டிலிருந்து மருத்துவமனை எட்டு நிமிடம்.
எட்டு நிமிடத்துக்கு நூற்றைம்பது யூரோவா என்று
ஆறு வருடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான்
கோல்டோவின் கடைக்குள் நுழைந்தேன்,
மாலையில்,
கால் வீங்கியிருக்கும் நேரம் பார்த்து.

முதலில் அவன் எடுத்துவந்தது பந்தய பூட்ஸ்.
முழங்காலுக்குக் கீழே ஒரே கவசம்.
போட்டு நடந்தேன்.
கண்ணாடியில் ஒரு நண்டு
சொந்தக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டிருந்தது.
“இதில் வளைவு பிடிக்கலாம், நெகானே,
பஸ் பிடிக்க முடியாது” என்று
அவனே கழற்றிவிட்டான்.

அடுத்தது அழகு.
பழுப்புத் தோல், நீள நீளமாய் நாடா.
பார்த்த மாத்திரத்தில்
அந்த நாடா கியர் லீவரைச் சுற்றிக்கொள்ள,
சிவப்பு விளக்கில் கால் ஊன்ற வராமல்,
மெல்ல,
மிக மெல்ல,
அறுத்த மரம் யோசித்துச் சாய்வதுபோல்
நான் சாய்வது தெரிந்தது.
நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை பேரும்
குடையை விலக்கிப் பார்க்கிறார்கள்.
வேண்டாம்.

எனக்கு ரொட்டி வாங்கப் போகணும் இதில்.
மூன்று மாடி ஏறணும்.
நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர் உயரம்,
குதிகாலில் விரற்கடை கூடினால்
சிக்னலில் நிம்மதியாக நிற்பேன்.

கோல்டோ மெல்லிய ஜோடி ஒன்றை எடுத்து
நுனியையும் குதியையும் பற்றி
ஈரத்துணிபோல் முறுக்கினான்.
துணிபோலவே முறுக்கிக்கொண்டது.
“உள்ளே உன் கால் இருப்பதாக நினைத்துக்கொள்.”

நினைக்க வேண்டியதில்லை.
என் வேலை அவனுக்குத் தெரியாது.
கணுக்கால்களைப் படம் எடுக்கிறேன்.
உள்மேடு, வெளிமேடு,
நடுவே ஓர் அரிசி அகலம் இடைவெளி.
அது இரண்டு அரிசியானால்
டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

போன செவ்வாய் யாதேர்.
இருபத்திரண்டு வயது, மனாகுவாவில் பிறந்தவன்.
சாப்பாட்டுப் பெட்டியின் பட்டைத் தடம்
தோளில் இன்னும் கலையவில்லை.
காலில் கான்வாஸ் ஷூ.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
“வெட்டாதீங்க,
பிப்ரவரியிலதான் வாங்கினேன்.”

நாடாவை அவிழ்த்தேன்.
துளை துளையாக.
வெளியே நான்கு பேர் காத்திருக்க,
அவன் உதடு வெளுக்க வெளுக்க,
பத்து நிமிடம்.
ஷூ பிழைத்துக்கொண்டது.

இடது ஷூவின் நுனியில் கறுப்பாய் ஒரு தழும்பு,
கியர் லீவர் நாளெல்லாம் உரசிய இடம்.
என் ஷூவிலும் அதே இடத்தில் இருக்கிறது.
எங்களை இடக்கால் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது ஜோடிக்கு முகலட்சணம் இல்லை.
மங்கல் கறுப்பு. உட்பக்கம் ஜிப், மேலே ஒட்டுப்பட்டை.
கணுக்காலின் இருபுறமும்
காசு அகலத்தில் கெட்டியாய் ஏதோ.
முறுக்கினேன்.
முறைத்தது.
மழை உள்ளே வராது என்கிறது அட்டை.
இந்த ஊர் மழை அட்டை படிப்பதில்லை,
இருந்தாலும் வாங்கினேன்.

பணம் கொடுக்கும்போது கேட்டேன்,
“இதிலேயே நாற்பத்துமூன்று இருக்கிறதா?”
கோல்டோ குனிந்து என் காலைப் பார்த்தான்.
“இருக்கிறது. யாருக்கு?”
அட்டையில் விலையை இன்னொரு தடவை படித்தேன்.
“சும்மா கேட்டேன்.”

திரும்பும் வழியில் நான்கு சிக்னல் வரை
நியூட்ரல் அகப்படவில்லை.
தடித்த தோலுக்குள்ளிருந்து கால்
இருட்டில் சுவிட்ச் தேடுவதுபோல் தேடியது.

மறுநாள் மருத்துவமனை நடைபாதை முழுக்கக்
கீச் கீச்சென்று போனேன்.
மறு படத்துக்குச் சக்கர நாற்காலியில் யாதேர்.
மாவுக்கட்டில் யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.
“எவ்வளவு?” என்றான்.
சொன்னேன்.
விசிலடித்தான்.
பிறகு முன்னால் சாய்ந்து
என் இடக்கால் நுனியைக் கட்டைவிரலால் தடவி,
“இன்னும் ஒண்ணும் ஆகலையே” என்றான்.
ஆடாமல் இருக்கச் சொல்லிவிட்டுப்
படம் எடுத்தேன்.