அளவு

பள்ளத்தூர்க் கல்யாணத்தில்
நூறு ஜோடி செருப்புக்கு நடுவே
என் பூட்ஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தது.
முழங்காலுக்கு நாலு விரல் கீழே வரை உயரம்,
பக்கிள் இரண்டு, கயிறு கிடையாது.
தைத்துத் தந்த செபஸ்தியான்
என் சுண்டுவிரல் எலும்பைத் தொட்டு
"தண்டவாளத்துல நடக்கிற காலா?" என்றார்.

செம்மண்ணை ஈரத்துணியால் துடைப்பேன்.
தேன்மெழுகை, தையல் தையலாக,
கட்டைவிரல் சூட்டில்தான் ஏற்றுவேன்.
ஐப்பசியில் பூஞ்சை பூத்தால்
சாப்பாட்டு மேசைமேல், ஃபேனுக்கடியில் கிடக்கும்;
அன்று வீட்டில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள்.

பந்தி முடிந்து வந்தால்
வலது பூட்ஸ் கவிழ்ந்து கிடக்கிறது.
தேளுக்குப் பயந்து எப்போதும்போல்
குதிகாலைத் தட்டினேன்.
ஒரு மெட்டி விழுந்தது.

உள்ளே இத்தனை பட்டுப்புடவை.
யாரிடம் போய்க் கேட்பேன்,
அளவு சரியாயிருந்ததா என்று.