கழிவு

நெல்மூட்டைக்கு வாங்கிய நாலு தராசு.
ஞாயிறு மட்டும் சக்கரத்துக்கு ஒன்றாய் வைத்து
மாருதி எண்ணூறை மேலே ஏற்றுவோம்.

கோரையாற்றங்கரை, சம்பா அறுத்த வயல்.
வரப்பை வெட்டிச் சமன் செய்து
டிராக்டர் விட்டு இறுக்கிய வட்டம்.
பன்னிரண்டு சுற்று.
கார் பழசுதான், என்ஜின் கம்பெனியில் வந்ததுதான்.
யாரும் கை வைத்தால் தெரியட்டும் என்று
சீல் கம்பியை என் இடுக்கியால் முறுக்கியிருந்தேன்.

விதிகளையும் நான்தான் எழுதினேன்,
கொள்முதல் நிலையத்து நோட்டின் பின்பக்கத்தில்.
கொடி விழுமுன் பாய்ந்தால் பத்து நொடி.
முன்னால் போகிறவனை இடித்துத் திருப்பினால் ஒரு சுற்று கழிவு.
மஞ்சள் கொடியில் முந்தினால் கடைசிக்குப் போ.
எடை அறுநூற்றைம்பது.
எரிந்த பெட்ரோலுக்கு இரண்டு கிலோ விட்டுவிடலாம்.
அதற்கு மேல் ஐந்து கிலோ வரை குறைந்தால் புள்ளி போகும்.
அதையும் தாண்டினால்
ஓடியதே இல்லை.

ரெத்தினவேல் கார்
காலையில் அறுநூற்று ஐம்பத்திரண்டு.
ஜெயித்து, விசிலோடும் புழுதியோடும் வந்து ஏறியபோது
முன்னால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு, நூற்றுத் தொண்ணூற்றாறு,
பின்னால் நூற்று இருபத்து நாலு, நூற்று இருபத்து மூன்று.
கூட்டிப் பார்த்தேன். இறக்கி, மறுபடி ஏற்றி
மறுபடி கூட்டினேன்.
அறுநூற்று நாற்பத்தொன்று.

பரிசுக் குளிர்பெட்டி
மாலை போட்டுக்கொண்டு மினிலாரியில் நின்றது.
"தவமணி, பாத்துப் போடும்மா" என்றார் பந்தயக் கமிட்டித் தலைவர்.
பார்த்துத்தான் போடுகிறேன்.
டார்ச்சோடு காருக்கடியில் படுத்தேன்.
அடித்தட்டு முழுக்க விரல் தடம்.
அடுப்பு மெழுகுகிற மாதிரி
யாரோ களிமண்ணை அப்பியிருந்தார்கள்.
வெயிலில் காய்ந்து, குலுங்கி, விழுந்துவிட்டது.
சேற்றைக் காலையில் நானும் பார்த்தேன்தான்.
இந்தப் பக்கத்துக் காரில்
சேறு இல்லாவிட்டால்தானே சந்தேகம் வரும்?

சீட்டு எழுதினேன். முதல் பரிசு
இரண்டாவது வந்த கூத்தாநல்லூர் ஜபருல்லாவுக்கு.
அவன் குளிர்பெட்டியைத் தொடவில்லை.
தூரத்தில் நின்று டீ குடித்தான்.

ரெத்தினவேல் கத்தவில்லை.
ஹெல்மெட்டைக் கழற்றி பானெட்டில் வைத்தான்.
"ஐப்பசியில என் நெல்லு
ஈரம் பத்தொம்பதுன்னு திருப்பி அனுப்புனீங்க.
பதினோரு நாள் ரோட்டுல கெடந்துச்சு.
ஈரமா இருந்தப்ப வேணாம்னீங்க.
இப்ப காஞ்சுபோச்சுன்னு வேணாங்கிறீங்க.
என்னதான்க்கா ஒங்க கணக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.
பதினேழுக்கு மேல் வாங்காதே என்றது மேலிடம் என்று
அப்போது அவனிடம் சொல்லியிருந்தேன்.
அறுநூற்றைம்பதுக்கு மேலிடம் யார்?
நோட்டில் இருப்பது என் கையெழுத்து.

முறையீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கட்டணம்.
அவன் கட்டவில்லை.
அழுத்திக் கையெழுத்துப் போட்டான்.
மூன்று நகலையும் தாண்டி அட்டையில் விழுந்தது.

எல்லோரும் போனபிறகு சாக்கோடு இறங்கினேன்.
மூன்றாம் வளைவில்தான் நிறைய.
தட்டின் நெளிவு அப்படியே பதிந்த கட்டிகள்,
ஒன்றில் ஒரு கட்டைவிரல்.
பொறுக்கி, இருட்டியபின் நிறுத்தேன்.
ஒன்பது கிலோ நானூறு.
மீதி ஒன்று அறுநூறு பெட்ரோல்.
அதற்கு அபராதமில்லை.
கணக்கு இவ்வளவு சரியாக வந்ததில்
எனக்கு ஏனோ கோபம் வந்தது.

திங்கட்கிழமை முதல் மூட்டை வருமுன்
தராசைத் துடைத்தேன்.
இருபது கிராமில் நின்றது.
நகத்தால் சுரண்டினேன்.
பத்து.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
மறுபடி துடைத்தேன்.